ஏழாம் நம்பர் பஸ்

முத்ரா துறைமுகம். காலை எட்டு மணி.
பத்து மாடிக் கல்யாண மண்டபத்தை
யாரோ கடலில் இறக்கிவிட்டதுபோல் கப்பல்.
என் கையில் மஞ்சள் குடை,
குடையில் ஒரு அட்டை:
பஸ் 7, ஸ்காண்டிநேவியா.
பட்டியலில் இருபத்து மூன்று பேர்.
எண்ணினேன்.
இருபத்து நாலு.

மறுபடி எண்ணினேன்.
எல்லாத் தலையும் வைக்கோல் நிறம்,
எல்லா மூக்கிலும் வெள்ளைக் களிம்பு.
குறைந்தால்தான் கம்பெனி சம்பளத்தில் பிடிக்கும்,
கூடினால் பிடிக்காது.
"யல்லா" என்றேன் ஹிலாலிடம்.

ஹிலால் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு
தான் மட்டும் சால்வை போர்த்திக்கொள்ளும் டிரைவர்.
"யாருக்காவது குளிர்கிறதா?"
மைக்கில் கேட்டேன், அக்கறையாகத்தான்.
பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.
எழுதி மனப்பாடம் செய்த நகைச்சுவைகள் வேறு இருந்தன.
அவற்றுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

நாற்பத்தெட்டு இருக்கை.
ஆளுக்கொரு ஜன்னல், பக்கத்தில் ஒரு பை.
"கேள்விகள் உண்டா?" என்றால் மௌனம்.
இறங்கியதும் ஒவ்வொருவராகத் தனியே வந்து,
ரகசியம்போல்,
ஒரே கேள்வியைக் கேட்டார்கள்:
கழிவறை எங்கே?

மசூதி வாசலில் "பத்தரைக்குக் கூடுவோம்" என்றேன்.
பத்தரை என்றால் பத்தரையாம்.
நானும் ஹிலாலும் கரக் டீ குடித்து
பத்தே முக்காலுக்கு வந்தபோது
வரிசையாய் நிற்கிறார்கள்,
யாருக்கும் வழிவிடாத வரிசை இல்லை,
எதற்கென்றே தெரியாத வரிசை.
கடைசியில் போய் நின்றுகொண்டேன்,
வேறென்ன செய்ய.

சந்தையில் சாம்பிராணி எட்டு ரியால் என்றார் கடைக்கார ரஃபீக்.
தோர்ஸ்டைன் எட்டை எண்ணி வைத்தார்.
ரஃபீக்குக்கு முகம் வாடிவிட்டது.
"அண்ணே, ஒரு வார்த்தையாவது
பேரம் பேசச் சொல்லுங்க,
மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."
தானாகவே ஆறுக்கு இறங்கினார்.
"நியாயமில்லை" என்று தோர்ஸ்டைன் மறுத்தார்.
ஒன்பது வரை ஏறிப் போய்
ஏழரையில் முடிந்தது,
இருவருக்கும் வருத்தத்துடன்.

ரூவியில் சாப்பாடு.
எலுமிச்சை ஊறுகாயைப் பொரியல் என்று நம்பி
ஒரு கரண்டி நிறைய வாயில் போட்டார் இங்கெபோர்க்.
கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.
அறந்தாங்கிப் பையன் தயிரோடு ஓடி வந்தான்.
"சுவாரசியம்" என்றார், கண்ணைத் துடைத்து.
பிறகு இன்னொரு கரண்டி கேட்டார்.

குரும் கடற்கரையில் ஜனவரி வெயில்.
நிழலைத் தேடி நான் நகர,
வெயிலைத் தேடி அவர்கள் நகர,
குழு இரண்டாகப் பிரிந்தது:
அந்தப் பக்கம் இருபத்து நாலு பேர்,
இந்தப் பக்கம் குடையோடு நான்.

அப்போதுதான் போன்.
ஆறாம் நம்பர் பஸ்ஸின் தனிஸ்லாஸ், அழாத குறையாக:
"காலையிலேர்ந்து ஒருத்தரக் காணல,
ஆஸ்பத்திரி வரைக்கும் தேடியாச்சு."

மைக்கில் கேட்டேன்.
கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது,
ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளைபோல.
ஆர்வோ. பின்லாந்து.
"ஏறியதுமே தெரிந்தது.
நீங்கள் ஸ்காண்டிநேவியா என்றபோதெல்லாம்
பின்லாந்து அதில் சேராது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்.
குறுக்கிடுவது சரியில்லை."

சிரிக்கத்தான் வந்தது. நின்றுவிட்டது.
என் விசாவில் ஏசி மெக்கானிக் என்றிருக்கிறது.
பதினொரு வருஷம் முன்னால், விமான நிலைய வாசலில்,
யாரோ ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
ஏறினேன்.
என் பெயர் அதில் இல்லை என்று
பாதி வழியில் தெரிந்தது.
அவரும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்.

கப்பல் ஏணியடியில் ஆர்வோ சட்டைப்பையைத் துழாவி
6 என்ற ஸ்டிக்கரை எடுத்தார்,
உரிக்காத பசையோடு.
உரித்து என் குடையில்
7-க்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு,
தலையசைத்து, ஏறிப் போனார்.

நாளைக்கு ஜப்பான்காரர்கள்.
ஸ்டிக்கரைக் கிழிக்கப் பார்த்தேன்,
வரமாட்டேன் என்கிறது.